குருதிக்கு விலையாகக் குடியுரிமையா?

படையில் சேர்வதா? கல்லூரியில் சேர்வதா? அமெரிக்க ஒன்றிய நாடுகளில் குடியேறி வாழும் இளைஞன் பள்ளியிறுதி வகுப்பை முடித்து வெளியே வந்து நிற்கும் பொழுது இவ்வினா அவன்முன் வைக்கப்படுகின்றது. வைக்கின்றவர்கள் இதனை 'வாய்ப்பு' என்கின்றனர். வழிகள் இரண்டு உள்ளனவாம். அவற்றுள் விரும்பியதை அவனே தெரிந்துகொள்ளலாமாம்! பசித்து நிற்பவனிடம் பூட்டிய களஞ்சியத்தையும் தூண்டிலிற் கோத்த இரையையும் காட்டி, "எது வேண்டுமோ எடுத்துக்கொள்" என்பது தெரிவு ஆகுமா?

அந்நாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நாம் இங்குப் பேசவில்லை. அவர்கட்கு இவ்வினாவே எழுவதில்லை. எந்தக் கல்லூரி என்பதே அவர்தம் கவலை. பெற்றோர் கைப்பிடித்து எல்லை கடந்து வந்தவன், வந்த நாட்டின் மொழியிலேயே கனவு காணக் கற்றவன், ஆனால் அந்நாட்டு ஏட்டில் பெயர் ஏறாதவன் அல்லது அரைகுறையாக ஏறியவன் - அவனே நம் எண்ணத்தில் நிற்பவன். அவனுள் மெக்சிகோவினன் உண்டு; குவாத்தமாலாவினன் உண்டு; பிலிப்பைன்சினன் உண்டு; நம் தமிழனும் உண்டு.

முதற்கண் பூட்டிய கதவைப் பார்ப்போம். 1982இல் அந்நாட்டு உச்ச முறைமன்றம், தெக்சாசு மாநிலத்து வழக்கொன்றில், உரிய ஆவணம் இன்றி வந்த பிள்ளைகட்கும் பள்ளிக் கல்வியை மறுத்தல் கூடாது எனத் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பே, மறுப்பதற்கில்லை. ஆயின் அத்தீர்ப்பின் அறம் பள்ளி வாயிலோடு நின்றுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் காலைதோறும் கொடியின்முன் நின்று உறுதிமொழி கூறி வளர்ந்த பிள்ளை, பதின்மூன்றாம் ஆண்டில் "நீ யார்?" என்று கேட்கப்படுகின்றான். நடுவணரசின் கல்வியுதவித் தொகை அவனுக்கு இல்லை. கல்விக் கடனும் இல்லை. மாநிலங்களேனும் இரங்கட்டும் என்றால், 1996ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. ஆவணமற்ற மாணவனுக்கு அவன் அம்மாநிலத்தில் வாழ்கின்றான் என்பதற்காகக் குறைந்த கட்டணம் வாங்குவதாயின், அதே குறைந்த கட்டணத்தை வெளிமாநிலத்து அமெரிக்கக் குடிமகனுக்கும் தந்தாக வேண்டும் என்று அச்சட்டம் முட்டுக்கட்டை இட்டது.

அதையும் தாண்டி 2001இல் தெக்சாசு மாநிலமும் அதே ஆண்டிற் கலிபோர்னியாவும், 'எங்கள் மாநிலப் பள்ளியிற் படித்தவன்' என்னும் அளவையை வைத்துக் கட்டணத்தைக் குறைத்தன. முதன்முதல் திறந்தது தெக்சாசு. அதனை மூடியதும் தெக்சாசே! 2025 சூன் திங்களில் நடுவணரசு அச்சட்டத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. தொடுத்த அந்த நாளிலேயே மாநில அரசு எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல் ஒப்புக்கொண்டது. முறைமன்றம் சட்டத்தை வீழ்த்தியது. இருபத்து நான்கு ஆண்டுகள் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஏற்பாடு ஒரு பகற்பொழுதிற் சாய்க்கப்பட்டது. வழக்காடியவரும் எதிர்வழக்காட வேண்டியவரும் ஒரே பக்கத்தில் நின்ற விந்தையை வேறெங்குக் காண்போம்!

இனி, திறந்திருக்கும் கதவு.

2002 தொடக்கத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் சார்சு புசு கையெழுத்திட்ட பள்ளிக் கல்விச் சட்டத்தினுள் ஒரு சிறு பிரிவு செருகப்பட்டிருந்தது. நடுவணரசின் பொருளுதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகள் தம் மாணவர்தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் படைத்துறையின் ஆள்சேர்ப்பு அலுவலர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது அப்பிரிவு. வேண்டாவெனப் பெற்றோர் எழுதிக் கொடுத்தாலன்றி இது தானே நடக்கும். ஏழைப் பிள்ளையின் வீட்டைக் கல்லூரி தேடி வருவதில்லை. படை தேடி வருகின்றது! சீருடை அணிந்த அலுவலர் பள்ளி உணவுக் கூடத்தில் மேசை போட்டு அமர்ந்து, தோளில் தட்டிப் பேசி, கையிற் படமும் பரிசும் கொடுத்து, "நான்காண்டு எங்களோடு இரு, கல்லூரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கின்றோம், குடியுரிமையும் விரைந்து கிடைக்கும்" என்கின்றார். அவர் சொல்வது முழுப் பொய்யுமன்று. 2001 செப்தம்பர்த் தாக்குதலுக்குப் பிற்பட்ட படைப்பணியாளர்க்கெனச் செய்த கல்வியுதவிச் சட்டம் 2009 முதல் நடைமுறைக்கு வந்து, மூவாண்டு முழுப்பணி செய்தவர்க்கு முப்பத்தாறு திங்கள் கல்லூரிச் செலவை ஏற்கின்றது. நிலைத்த வாழ்வுரிமை தரும் பச்சையட்டை பெற்றவன், குடிமகனாக வழக்கமாக ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். படையிற் சேர்ந்தவனுக்கு அக்காத்திருப்பு வேண்டா என 2002 சூலையிற் புசு ஆணை பிறப்பித்தார்.

கல்லூரிக்குப் பணம் இருக்கின்றது என்பது இதனால் தெளிவாகின்றது அன்றோ? குடியுரிமையை விரைந்து கொடுக்க முடியும் என்பதும் தெளிவாகின்றது. பணமும் உண்டு, மனமும் உண்டு. ஆனால் அவை துமுக்கியின் முனையில் மட்டுமே தொங்கவிடப்பட்டுள்ளன! படிக்க விரும்பும் ஏழைக்குக் கொடுக்க இல்லாத பணம், சாகத் துணிந்த ஏழைக்குக் கொடுக்க எங்கிருந்து வந்தது?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. 1980இல் மீண்டும் கொணரப்பட்ட கட்டாயப் பதிவுச் சட்டத்தின்படி, பதினெட்டு முதல் இருபத்தைந்து அகவை வரையுள்ள ஆண்மக்கள், குடிமகனாயினும் குடியேறியவனாயினும், ஆவணமே இல்லாதவனாயினும், படைக்கு அழைக்கப்படத்தக்கோர் பட்டியலிற் பெயர் பதித்தாக வேண்டும். மாணவ நுழைவிசைவு போன்றவற்றோடு தங்கியிருப்போர்க்கு மட்டுமே விலக்கு. ஆவணமற்றவன் தானே விரும்பிப் படையிற் சேர முடியாது, சட்டம் இடந்தராது. ஆனால் நாளை பெரும்போர் மூண்டு ஆள் வேண்டுமெனில் அவன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்! வாழ்வோர் கணக்கில் இல்லாதவன் சாவோர் கணக்கில் மட்டும் உண்டு.

இவ்விரு கதவுகளையும் ஒரே வரியில் எழுதிய சட்ட முன்வடிவு ஒன்றும் வந்தது. ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'கனவு' எனப் பொருள்படுமாறு அதற்குப் பெயர் சூட்டினர். 2001இல் முதன்முதல் மேலவையில் வைக்கப்பட்டது. சிறுவராக வந்து வளர்ந்தோர்க்கு வாழ்வுரிமை வழங்குவதே நோக்கம். நோக்கத்தில் நமக்குக் குறையில்லை. ஆயின் பின்வந்த வடிவங்களில் அவ்வுரிமைக்கு ஒரு விலை எழுதப்பட்டது: ஈராண்டு கல்லூரிப் படிப்பு அல்லது ஈராண்டு படைப்பணி. 'அல்லது' என்னும் அவ்வொரு சொல்லைக் கவனியுங்கள்! கல்லூரிக்குப் போக உதவித்தொகை இல்லாதவனைப் பார்த்து, கல்லூரி 'அல்லது' படை என்றால், 'அல்லது' என்பதன் பொருள் 'எனவே' என்பதாகும்.

ஈராண்டு என்பதும் ஏய்ப்பே. அமெரிக்கப் படையிற் சேர்பவன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் மொத்தக் கடப்பாடு எட்டாண்டுகள். முழுநேரப் பணி மூன்றோ நான்கோ ஆண்டுகளில் முடியலாம். எஞ்சிய ஆண்டுகளில் அவன் ஒதுக்குப்படையில் இருப்பான். அழைத்தால் போக வேண்டும். ஈராக்குப் போரின்பொழுது பணிக்காலம் முடிந்தவர்களையே வீட்டிற்கு விடாமல் நிறுத்தி வைத்தனர். ஈராண்டு படித்து முடித்த மாணவன் வேண்டாமெனிற் கல்லூரியை விட்டு எழுந்து வெளியே வரலாம். படையை விட்டு எழுந்து வருபவனுக்குச் சிறையன்றோ காத்திருக்கின்றது? ஒப்பில்லாத இரண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தவர் எவ்வகை வணிகரோ!

இதைப் படைத்துறையே மறைக்கவில்லை. 2010 முதல் 2012 வரைக்கான தன் ஆள்வளத் திட்டத்தில் அந்நாட்டுப் பாதுகாப்புத்துறை, தன்விருப்பில் வருவோரைக் கொண்டே படையைக் குறைவின்றி நடத்துவதற்கு உதவும் வழிகளுள் ஒன்றாக இச்சட்ட முன்வடிவு நிறைவேறுவதைக் குறித்திருந்தது. பிள்ளைகளின் கனவு என்று பெயரிடப்பெற்றது, படைத்தலைவர்தம் ஏட்டில் ஆட்கணக்காக இருந்தது. முடிவில் அதுவும் நிறைவேறவில்லை. 2010 திசம்பர் 8ஆம் நாள் கீழவையில் 216க்கு 198 என்று தேறி, 18ஆம் நாள் மேலவையில் 55க்கு 41 என்று ஆதரவு மிகுந்திருந்தும், வேண்டிய 60 கிடைக்காமையால் வீழ்ந்தது. 2012 சூனில் ஒபாமா, இவர்களை நாடுகடத்தாமல் ஒத்திவைக்கும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். ஒத்திவைப்பு என்பது உரிமையன்று. அதுவும் 2021இல் முறைமன்றத் தடையால் புதியோர்க்கு வழங்கப்படாது நின்றது.

இவ்வாணிகம் நேற்றுத் தோன்றியதன்று. உள்நாட்டுப் போர் நடந்த 1862இலேயே, படையிற் பணிசெய்து நற்பெயரோடு வெளிவரும் அயலானுக்கு ஓராண்டு வாழ்ந்தாற் போதும், குடியுரிமை தரலாம் என்று சட்டம் செய்தனர். அடுத்த ஆண்டு கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தது. குடிமகனாக விரும்புவதாக எழுதிக் கொடுத்திருந்த குடியேறியும் அதில் அடங்கினான். ஆனால் 300 தாலர் கட்டினால் விலக்குப் பெறலாம்! உழைப்பாளி ஒருவனின் ஏறத்தாழ ஓராண்டு ஊதியம் அது. பஞ்சத்திற்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஏழைக்கு அது ஏது? 1863 சூலையில் நியூயார்க்கு நகரமே பற்றி எரிந்தது. அவ்வேழையரின் சினம் சட்டம் செய்தவர்மேற் பாய்வதை விடுத்துத் தம்மினும் எளியரான கருப்பின மக்கள்மேற் பாய்ந்து கொன்று குவித்தது, அந்நிகழ்ச்சியின் அழியாக் கறை. மேலே இருப்பவன் விலை வைப்பான்; கீழே இருப்பவர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வர். இதுவன்றோ உலகெங்கும் காணும் கதை? ஒரு நூற்றாண்டு கழித்து வியத்துநாம் போரிலும் 300 தாலருக்கு மாற்றாகக் கல்லூரி நுழைவுச் சீட்டு வந்தது. கல்லூரியிற் படிப்பவனுக்குப் போரிலிருந்து ஒத்திவைப்பு. படிக்க வகையற்றவனுக்குக் காட்டில் சாவு. 1973இற் கட்டாயச் சேர்ப்பு நின்றது. நின்ற பின்னர்க் கட்டாயத்தைச் சட்டம் செய்யவில்லை. வறுமையும் ஆவணமின்மையும் செய்தன. 1999 முதல் 2008 வரை அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதார் ஏறத்தாழ 70,000 பேர் அப்படையிற் சேர்ந்தனர்.

அவர்களுள் ஒருவன் ஓசே அந்தோனியோ குத்தியேரெசு. குவாத்தமாலாவிற் பிறந்து, பெற்றோரை இழந்து, தெருவில் வளர்ந்து, தொடர்வண்டிகளின்மேல் தொற்றி ஏறி மெக்சிகோவைக் கடந்து 1997இல் அமெரிக்காவினுள் ஆவணமின்றி நுழைந்தவன். வளர்ப்புக் குடும்பங்களில் தங்கிப் பள்ளியிற் படித்தான், பச்சையட்டையும் பெற்றான். கட்டடக் கலை பயில வேண்டும் என்பது அவன் விருப்பம். கல்விக்கு வழிதேடிக் கடற்படைசார் காலாட்படையிற் சேர்ந்தான். 2003 மார்ச்சு 21ஆம் நாள், ஈராக்குப் போர் தொடங்கிய மறுநாள், உம் கசுர் துறைமுகத்திற்கருகே வீழ்ந்தான். அப்போரில் முதற்கண் மாண்ட அமெரிக்கப் படைஞருள் அவனும் ஒருவன். அவனைக் கொன்றது ஈராக்கியர் குண்டன்று. தன் படையினர் தவறிச் சுட்ட குண்டு. இறந்த பின் அவனுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கினர்! உடல் குவாத்தமாலா மண்ணிற் புதைக்கப்பட்டது. உயிரோடிருந்தபொழுது கேட்டுக் காத்திருந்ததை, உயிர் போன பின்னர்ப் பெட்டியின்மேல் வைத்துக் கொடுத்த கொடையை என்னென்பது? கட்டடக் கலைக் கல்லூரியில் அவனுக்கொரு நாற்காலி போட எத்தனை தாலர் ஆகியிருக்கும்?

ஆறு நாள் கழித்து, மெக்சிகோவிற் பிறந்த எசுசு சுவாரெசு தெல் சோலார் என்னும் இளைஞன் மாண்டான். அமெரிக்கப் படையே வீசி வெடிக்காமற் கிடந்த கொத்துக்குண்டு அவன் காலடியில் வெடித்தது. அவன் தந்தை பெர்னாந்தோ அதன்பின் பள்ளிகட்குச் சென்று, ஆள்சேர்ப்பார்தம் சொல்லை நம்பவேண்டா எனக் குடியேறிகளின் பிள்ளைகளிடம் பேசுவதையே தம் வாழ்நாட் பணியாக்கிக் கொண்டார். மகனைப் பறிகொடுத்தவர் பேச்சுக்கு நம் கட்டுரை எம்மட்டு!

உயிரோடு திரும்பியவர் நிலையேனும் உறுதியா? அதுவும் இல்லை. படைப்பணியால் பெற்ற குடியுரிமையை, ஐந்தாண்டுப் பணி நிறைவதற்குள் நற்பெயரின்றி நீக்கப்பட்டால், திரும்பப் பறிக்கலாம் என்பது சட்டம். பிறப்பால் குடிமகனான படைஞன் அதே தவற்றைச் செய்தால் அவன் வேலையை இழப்பான்; நாட்டை இழப்பதில்லை. மேலும், படையிற் சேர்ந்தாலே குடியுரிமை தானாக வந்துவிடும் என நம்பி, வேண்டுகை கொடுக்காமல் விட்டவர் பலர். அவர்கள் பின்னாளில் குற்றமொன்றிற் சிக்கித் தண்டம் பெற்றால், சிறைக்காலம் முடிந்ததும் நாடுகடத்தப்படுகின்றனர். எக்தர் பராகாசு என்பவர் ஏழு அகவையில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். வானிலிருந்து குதிக்கும் படைப்பிரிவில் 1995 முதல் 2001 வரை பணிசெய்தவர். ஊர்தி ஒன்றை நோக்கிச் சுட்ட வழக்கில் தண்டம் பெற்று, 2004இல் நாடுகடத்தப்பட்டார். செய்தது குற்றமே, அதற்குச் சிறை இருந்தார். இருந்தும் மொழியன்றி வேறுறவில்லாத நாட்டிற்குத் தள்ளப்பட்டார். எல்லையோரத் திகுவானா நகரில், தம்மைப்போல் தள்ளப்பட்ட படைஞர்க்காக அவர் 2013இல் ஓர் இல்லம் அமைத்தார். கலிபோர்னியா ஆளுநர் மன்னித்து, 2018இற் குடியுரிமை பெற்றுத் திரும்பினார். எல்லார்க்கும் அப்பேறு வாய்க்கவில்லை. பணியாற்றியவன் இறந்தால் எல்லைக்குள் கொண்டுவந்து கொடி போர்த்துவர். உயிரோடிருந்தால் எல்லைக்கு வெளியே நிறுத்துவர்.

"இவையெல்லாம் மெக்சிகோவினர் கதை, நமக்கென்ன?" எனக் கேட்கும் தமிழர் இருப்பின், அவர் இனிச் சொல்வதைக் கூர்ந்து படிக்க.

2008 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் இராபர்ட்டு கேட்சு ஒரு திட்டத்திற்கு இசைவளித்தார். நாட்டு நலனுக்கு இன்றியமையாத அயலாரைப் படையிற் சேர்க்கும் திட்டம் அது; 'மாவுனி' என ஆங்கிலத்திற் சுருக்கி அழைத்தனர். பச்சையட்டையே இல்லாதாரும், மாணவராகவோ வேலைக்காகவோ முறையான நுழைவிசைவோடு வந்து ஈராண்டு தங்கியிருந்தாற் சேரலாம். சேர்ந்த சில திங்களிற் குடியுரிமை. மருத்துவத் தொழிலறிவு வேண்டும். அன்றேற் படைக்குத் தேவையான மொழிகளுள் ஒன்று தெரிந்திருத்தல் வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட மொழிகள் கொண்ட அப்பட்டியலில் நம் தமிழும் இருந்தது!

இதைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்துவோர் நம்மிற் சிலர் இருக்கக்கூடும். உலகின் மாபெரும் படையே தமிழை மதிக்கின்றது என்று கூத்தாடுவர். மதிப்பா அது? தமிழைப் படிக்கவா கேட்டனர்? தமிழில் நூல் எழுதவா கேட்டனர்? படைக்கு மொழியறிவு எதற்கு வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும்: ஒட்டுக்கேட்க, வினவ, ஊரை உளவறிய. மூவாயிரம் ஆண்டு எழுதாக் கிளவியாயும் எழுத்தாயும் வாழ்ந்துவந்த மொழி, அங்கே தோட்டாவோடும் தொலைநோக்கியோடும் சேர்த்துக் கிடங்கில் எண்ணப்பட்டது. இதில் நமக்கு நாணமே வரவேண்டும். அதைவிட நாணத்தக்கது ஒன்றுண்டு. அமெரிக்காவிற் குடியேறிய தமிழ் வீடுகளுட் பல, பிள்ளை தமிழ் பேசினால் ஆங்கிலம் கெடும் என்று அஞ்சித் தமிழை வாயிற்படியிலேயே நிறுத்திவிட்டன. பெற்ற தாய் 'வேண்டா' என்ற மொழியை அயலான் படை 'வேண்டும்' என்றது!

அத்திட்டத்திற் சேர்ந்தவர் எத்தகையோர்? கல்லூரிக்கு வழியற்றோர் அல்லர். பெரும்பாலோர் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களிலேயே படித்துப் பட்டம் பெற்றோர்; இந்தியாவிலிருந்து சென்றோரும் அவருட் பலர். பட்டம் இருந்தும் தங்கும் உரிமை இல்லை. ஒரு நாட்டினர்க்கு ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டிற்கு மேல் பச்சையட்டை இல்லை என்னும் வரம்பினால், வேலை வழியாக வேண்டிய இந்தியர் வரிசை பல பத்தாண்டுகள் நீண்டு கிடந்தது. எனவே பட்டம் பெற்ற கையே துமுக்கியைப் பிடித்தது. இங்கேதான் 'கல்லூரியா, படையா' என்னும் வினாவின் முகத்திரை கிழிகின்றது. கல்லூரியை முடித்தவனையும் படை வாயிலுக்குத் துரத்துகின்றது எது? நாட்டிலிருக்கும் உரிமையை அரசு தன் கையிற் பூட்டி வைத்திருப்பதே! அவ்வுரிமையைத் தராமல் இழுத்தடிப்பதனாலேயே படைக்கு ஆள் கிடைக்கின்றது. கல்லூரியும் படையும் எதிரெதிர் நிற்பனவாகக் காட்டுவது கண்கட்டு. இரண்டிற்கும் பின்னால் ஆவணம் என்னும் கயிறு ஒருவன் கையில் இருக்கின்றது.

அக்கயிற்றை அவன் எப்படி இழுத்தான் என்பதையும் கேளுங்கள். பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் சேர்ந்த பின்னர், 2016இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஏற்கனவே கையெழுத்திட்டுப் பயிற்சிக்கு நாள்பார்த்துக் காத்திருந்தோர், மேலும் மேலும் ஆய்வு என்று ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டனர். அதற்குள் பலருடைய நுழைவிசைவுக் காலம் முடிந்து, தங்கும் உரிமையும் போயிற்று. 2018இற் பலர் ஓசையின்றி நீக்கப்பட்டனர். ஏன் என்று கேட்ட சிலர்க்கு வந்த விடை, அயல்நாட்டில் அவர்கட்கு உறவினர் இருத்தலால் நம்பத்தகாதவர் என்பது! அயல்மொழி தெரியும் என்பதற்காகவே அழைக்கப்பட்டவனுக்கு அயல்நாட்டில் தாயும் தந்தையும் இருப்பார்கள் என்பது அழைத்த நாளில் தெரியாதா? முறைமன்றம் ஏறி வழக்காடிய பின்னரே பலர்க்கு நயன்மை கிட்டியது.

எச்சு-1பி நுழைவிசைவில் வந்த நம் பொறியாளர்தம் பிள்ளைகள் நிலை வேறொரு வகை. மூன்று அகவையில் வந்து அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு, இருபத்தொன்று நிரம்பும் நாளில் பெற்றோரோடு ஒட்டியிருந்த உரிமை அறுந்து விழுகின்றது. ஆவணமற்றோர்க்கென வந்த ஒத்திவைப்பு ஆணை அப்பிள்ளைக்கு இல்லை. ஆவணம் இருந்தமையே குற்றமாயிற்று! பச்சையட்டை இல்லாமையாற் படையும் ஏற்காது. நடுவணரசின் கல்வியுதவியும் இல்லை. வீட்டில் ஊர்திகள் இரண்டு நிற்கலாம். பிள்ளையின் காலடியில் நிலம் இல்லை. மெக்சிகோவினனைத் தாழ்வாய்ப் பார்க்கும் தமிழ்ப் பொறியாளர், தம் பிள்ளையும் அவன் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பதை இனியேனும் காண வேண்டாவா?

"போருக்கு அஞ்சுவதா தமிழ் மறம்?" என்று ஒருசாரார் மீசை முறுக்கக்கூடும். மறம் என்னவென்பதை நடுகல்லைப் பார்த்துக் கற்க. தன் ஊர் ஆநிரையைப் பகைவர் கவர்ந்தபொழுது மீட்கச் சென்று வீழ்ந்தவனுக்கு, அவன் ஊரார் கல்லெடுத்து, பெயரும் பீடும் எழுதி நட்டனர். ஆவும் அவனுடையது, ஊரும் அவனுடையது, கல் நட்ட கையும் அவன் உறவினர் கை. உம் கசுரில் குத்தியேரெசு மீட்ட ஆநிரை யாருடையது? ஈராக்கியன் அவனுக்கு என்ன தீங்கு செய்தான்? அவன் அஞ்சாதவன், அதில் ஐயமில்லை. அவன் மறத்தை மலிவு விலைக்கு வாங்கியவரையே நாம் பழிக்கின்றோம். படையிற் சேர்ந்த எந்த இளைஞனையும் நாம் இங்கு இகழவில்லை.

"புகலிடம் தந்த நாட்டுக்கு நன்றிக்கடன் இல்லையா?" என்பது இன்னொரு கேள்வி. உண்டு. அக்கடனைக் குடியேறி நாள்தோறும் செலுத்திக்கொண்டுதான் இருக்கின்றான். கலிபோர்னியத் தோட்டங்களிற் பழம் பறிப்பவன் யார்? ஆவணமற்றவனும் வாங்கும் பொருளுக்கெல்லாம் வரி கொடுக்கின்றான். முதுமைக் காப்புக்கென அவன் கூலியிற் பிடித்த தொகையை அவன் ஒருநாளும் திரும்பப் பெறப் போவதில்லை. இதற்கு மேல் உயிரையும் கேட்பது கடனன்று, வட்டிக்கு வட்டி.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டி வாதிடுவோரும் உளர். அங்கு 1967 முதல் கட்டாயப் படைப்பணி உண்டு. நிலைவாழ்வுரிமை பெற்றுக் குடியேறியவரின் மகனும், நம் தமிழர் மகனும், பதினெட்டிற் சேர்ந்து ஈராண்டு கழித்தே பல்கலைக் கழகம் செல்கின்றான். அது கடுமையான சட்டமே. அங்கேயும் உரிமையை விட்டுக்கொடுத்து விலகுபவனுக்குப் பின்னாளில் படிப்பும் வேலையும் தேடுகையில் இடர் உண்டு. ஆயினும் அமைச்சர் மகனுக்கும் அதே சட்டம். துப்புரவுத் தொழிலாளி மகனுக்கும் அதே சட்டம். ஏழையை மட்டும் பார்த்து 'அல்லது' என்று சொல்லவில்லை. கட்டாயம் என்று வெளிப்படையாய்ச் சொல்லிச் செய்வதற்கும், விருப்பம் என்று பெயரிட்டு வறுமையை ஏவிச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

ஆகலின் அமெரிக்காவில் வாழும் தமிழ் இளைஞர்க்கும் பெற்றோர்க்கும் நாம் சொல்வது இது. கல்லூரியையே தேர்க. பெரும் பல்கலைக் கழகத்திற்குப் பணம் இல்லையெனில், ஊர்தோறும் குறைந்த கட்டணத்தில் நடைபெறும் ஈராண்டுக் கல்லூரிகளில் தொடங்குக. அங்கிருந்து பல்கலைக் கழகத்திற்கு மாறும் வழி உண்டு. இரண்டாண்டு பிந்திப் பட்டம் பெறுதல் இழிவன்று. பச்சையட்டை பெற்றவர் கல்வியுதவி வேண்டும் படிவத்தைக் காலத்தில் நிரப்புக. பதினெட்டில் செய்யவேண்டிய கட்டாயப் பதிவு தமக்கு உண்டா இல்லையா என உறுதிசெய்து கொள்க. அதைத் தவறவிட்டதற்காகப் பின்னாளிற் குடியுரிமைக்குத் தடை வந்தோர் உண்டு. படையிலேயே சேர்வது என உறுதிகொண்டவன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் சட்டமறிந்தாரிடம் காட்டிப் படித்த பின்னரே கையெழுத்திடுக. ஆள்சேர்ப்பார் வாயாற் சொன்னது தாளில் இல்லையெனில் அது சொல்லப்படவே இல்லை என்று கொள்க. குடியுரிமை வேண்டுகையைச் சேர்ந்த பின்னும் தானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறவற்க.

மேலும், உங்கள் பிள்ளையின் பெயரையும் முகவரியையும் படைத்துறைக்குக் கொடுக்கக்கூடாது எனப் பள்ளிக்கு ஒருவரி மடல் எழுதும் உரிமை பெற்றோர்க்கு அதே சட்டத்தில் இருந்தது. 2015இல் மாற்றி எழுதப்பெற்ற சட்டத்திலும் அது நீக்கப்படவில்லை. பள்ளி தொடங்கும் கிழமையிலேயே, பிற படிவங்களோடு சேர்த்து அதனையும் கொடுத்துவிடலாம். அம்மடலைத் தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேர் இதுவரை எழுதியுள்ளனர்?